முட்டுக்கட்டையின் பெருமை

ஊர்த் திருவிழாவில் தேரோட்டத்தைப் பலமுறை கண்டிருப்பீர்கள். ஆயிரம் பேர் வடத்தைப் பற்றி இழுப்பார்கள். அவர்களுடைய ஆரவாரமே நம் காதில் விழும். கொடிச்சீலைகளும் தோரணங்களுமே நம் கண்ணைக் கவரும். ஆனால், சக்கரத்துக்கு அருகே குனிந்த முதுகோடு நடந்துவரும் சிலரை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் ஆப்பு வடிவான மரக்கட்டைகள் இருக்கும். தேர் வலப்பக்கம் ஒதுங்கினால் ஒரு கட்டை. இடப்பக்கம் ஒதுங்கினால் மற்றொரு கட்டை. வீதி முனையில் திருப்புவதற்கு ஒரு கட்டை. நிறுத்துவதற்கு ஒரு கட்டை. "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று ஒருவனைப் பழித்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால், உண்மையில் முட்டுக்கட்டை போடுவோர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது. யாருடைய வீட்டுத் திண்ணைக்கேனும் போய்ச் சேரும்.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு தேரோட்டத்தைப் பற்றியதுதான். ஆனால் இந்தத் தேருக்கு வீதி இல்லை. வடம் பிடிப்போர் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதும் இல்லை. அந்தத் தேரின் பெயர் டெபியன்.

கணிப்பொறியை நாம் இயக்கும்போது, நம் கட்டளைக்கும் பொறியின் உறுப்புகளுக்கும் இடையே நின்று வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், வட்டில் எந்த எழுத்து எங்கே என்பவற்றையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. பெரும்பாலான வணிக நிறுவனங்கள் தம் மென்பொருளின் மூல நிரலைப் பூட்டி வைத்திருக்கும். டெபியனோ திறந்த மூல நிரல் கொண்டது. அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படி எடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16ஆம் நாள், அமெரிக்காவில் கல்லூரி மாணவராக இருந்த ஈயன் மர்டாக் என்பவர் இந்தத் திட்டத்தை அறிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவினை வெளியிட்டிருந்தார். அந்தக் கருவைச் சுற்றி வேண்டிய மற்ற மென்பொருள்களை ஒழுங்காகச் சேர்த்து, ஒருவர் தம் கணிப்பொறியில் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி செய்வதே மர்டாக்கின் நோக்கம். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். இரண்டு பெரிய முயற்சிகளையும் தொடங்கியவர்கள் உங்களைப் போன்ற மாணவர்களே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளத்தை ஆக்குவது கடினம் என்பது வெளிப்படை. ஆனால் அதை வெளியிடுவதில் என்ன கடினம் இருக்கிறது? செய்து முடித்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்தப் பேச்சு.

டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2025ஆம் ஆண்டு வெளிவந்த 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 69,800 பொதிகள் இருந்தன. இவை தனித்தனியே நிற்பவை அல்ல. கடிதம் எழுதும் மென்பொருள் எழுத்துருவைக் காட்டும் மென்பொருளை நம்பி நிற்கும். அது படம் வரையும் மென்பொருளை நம்பி நிற்கும். அது கணிதத் தொகுதி ஒன்றை நம்பி நிற்கும். அடியில் உள்ள ஒன்றை அசைத்தால் மேலே உள்ள நூறும் ஆடும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பல கணிப்பொறிகள் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கழிந்த வினாடிகளை எண்ணிக் காலத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணை 32 பிட்டு இடத்தில் எழுதும் முறையில், 2038ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் இடம் நிரம்பிவிடும். அதற்கு அப்பால் எண் கவிழ்ந்து, பொறி 1901ஆம் ஆண்டுக்குப் போய்விட்டதாக எண்ணிக்கொள்ளும். ஆதலின் 13ஆம் பதிப்பில் ஏறக்குறைய எல்லா 32 பிட்டுக் கணிப்பொறி வகைகளுக்கும் இந்த எண்ணின் இடத்தை 64 பிட்டாக விரித்தார்கள். கேட்பதற்கு ஒரு சிறு திருத்தம். ஆனால் ஒரு பொதி புதிய அளவிலும் மற்றொரு பொதி பழைய அளவிலும் காலத்தைச் சொன்னால் இரண்டும் பேசிக்கொள்ள முடியாது. படியை மாற்றினால் ஊர்க்கடைகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் அல்லவா? அதுபோல எண்ணற்ற பொதிகள் ஒன்றாக மாற வேண்டியிருந்தது.

இத்தகைய கூட்டத்தை ஒழுங்குபடுத்த டெபியன் தொண்டர்கள் மூன்று கிளைகளை அமைத்திருக்கிறார்கள். முதலாவது நிலையாக் கிளை. புதியன யாவும் முதலில் இங்கே வந்து விழும். டெபியன் பதிப்புகளுக்குப் பொம்மைகளைப் பற்றிய 'டாய் ஸ்டோரி' என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களின் பெயரை இடுவது மரபு. அந்தப் படத்தில் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் அண்டைவீட்டுச் சிறுவன் ஒருவன் வருவான். அவன் பெயர் சிட். நிலையாக் கிளைக்கு என்றென்றும் அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டாவது சோதனைக் கிளை. மூன்றாவது நிலைத்த கிளை. மருத்துவமனையும் பள்ளியும் வங்கியும் நம்பிப் பயன்படுத்தத்தக்கது இம்மூன்றாவதே.

நிலையாக் கிளையிலிருந்து சோதனைக் கிளைக்கு ஒரு பொதி செல்ல வேண்டுமானால் சில விதிகளைக் கடக்க வேண்டும். அவசரத்துக்கு ஏற்ப இரண்டு நாளோ, ஐந்து நாளோ, பத்து நாளோ அது காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் புதிய பெருங்குற்றம் எதுவும் அதன்மேல் சாட்டப்படக் கூடாது. ஆதரிக்கும் கணிப்பொறி வகைகள் எல்லாவற்றிலும் அது பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும். 13ஆம் பதிப்பில் இவ்வகைகள் ஏழு. அது நம்பி நிற்கும் மற்றப் பொதிகளும் அதனோடு வரத் தகுதி பெற்றிருக்க வேண்டும். காத்திருக்கும் அந்தச் சில நாட்களே முதல் முட்டுக்கட்டை.

இரண்டாவது முட்டுக்கட்டை உறைநிலை என்பது. வெளியீடு நெருங்கும்போது புதுமையின் வாயிலைப் படிப்படியாக அடைக்கிறார்கள். 13ஆம் பதிப்புக்கு இது நடந்த முறையைப் பாருங்கள். 2025 மார்ச்சு 15ஆம் நாள், பல பொதிகளைப் பாதிக்கும் பெருமாற்றங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 15 முதல் சிறு திருத்தங்களே வரவேற்கப்பட்டன. மே 15 முதல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. சூலை 27 முதல் வெளியீட்டுக் குழுவினர் தனித்தனியே பார்த்து இசைவு தந்தாலன்றி எதுவும் உள்ளே நுழைய முடியாது என்றாயிற்று. ஆகஸ்டு 9ஆம் நாள் பதிப்பு வெளிவந்தது. இந்த ஐந்து மாதமும் மென்பொருளுக்கு அழகு சேர்க்கவில்லை, அழுக்கு நீக்கினார்கள்.

அந்த அழுக்குக்குத் தமிழில் வழு என்று பெயர். இது உங்களுக்குப் புதிய சொல் அன்று. வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். இலக்கணப்படி அமைவது வழாநிலை, பிறழ்வது வழு, பிறழ்ந்தாலும் ஏதேனும் ஒரு காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. டெபியன் வெளியீட்டுக் குழுவினர் நன்னூல் படித்தவர்கள் அல்லர். எனினும் அவர்கள் கைக்கொள்ளும் முறை இதுவே. வழுக்களை அவர்கள் தரம் பிரிக்கிறார்கள். எழுத்துப் பிழை போன்றவை ஒரு புறம். பிறருடைய கோப்புகளை அழிப்பவை, பாதுகாப்பைக் குலைப்பவை, பொதியையே பயனற்றதாக்குபவை ஆகியன மறுபுறம். பின்னவை இருக்கும்வரை வெளியீடு இல்லை. அந்தப் பொதியைத் திருத்த வேண்டும். திருத்த ஆளில்லையேல் நீக்க வேண்டும். மிகச் சிலவற்றை மட்டும், இந்தப் பதிப்புக்கு இதைப் பொறுத்துக்கொள்வோம் என்று காரணம் காட்டிக் குறித்து வைக்கிறார்கள். அதுவே வழுவமைதி. அமைதி என்றால் மறைத்தல் அன்று. யாவரும் காணும்படி ஏட்டில் எழுதிவைத்தல்.

இனி, நாள் குறிப்பது பற்றிச் சொல்கிறேன். நாளைக் குறித்து வெளியிடுவதா, ஆயத்தமான பிறகு வெளியிடுவதா? இந்த வழக்கு நெடுநாளாக இருந்துவருகிறது. டெபியனின் 3.0 பதிப்பு 2002ஆம் ஆண்டு சூலையில் வந்தது. அடுத்ததாகிய 3.1, 2005ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டு! புதிதாக எழுதிய நிறுவி ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாப் பொறிவகைகளுக்கும் அனுப்பும் ஏற்பாடும் ஆயத்தமாகவில்லை. இதற்கிடையே, டெபியனையே அடிப்படையாகக் கொண்ட உபுண்டு என்னும் இயங்குதளம் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாது வெளிவருவோம் என்று அறிவித்தது. அந்த உபுண்டுவும் 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட வேண்டிய பதிப்பை, இன்னும் மெருகு தேவை என்று உணர்ந்து சூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தது.

இருவரும் கற்றுக்கொண்டது யாது? டெபியன் 2009ஆம் ஆண்டில் ஒரு நடுவழியை மேற்கொண்டது. உறைநிலை தொடங்கும் காலத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. ஆனால் வெளியிடும் நாளை வழுக்களின் நிலை கண்டு தீர்மானிப்பது. தேர்வு நாள் தெரிந்தால்தான் மாணவன் படிக்கத் தொடங்குவான். ஆனால் விடைத்தாளைத் திருத்தி முடிக்காமல் முடிவை வெளியிட முடியாது. இரண்டையும் இந்த முறை பொருத்திவிட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்னும் ஒழுங்கு நிலைபெற்றது.

மூன்றாண்டு பொறுத்து வெளியிட்ட 3.1 பதிப்பு பிழையற்றதாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வட்டுகளை வெளியிட்ட உடனேயே ஒரு குறை தெரியவந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை எங்கிருந்து பெறவேண்டும் என்று கணிப்பொறிக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி, செயலற்றதாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதில் கிளையின் பெயரும் தவறாக இருந்தது. சோதனைக் காலத்துக்கு உரிய வரியை வெளியீட்டு நாளுக்கு ஏற்ப மாற்ற மறந்துவிட்டார்கள். அப்படியே விட்டால், புதிதாக நிறுவியவரின் பொறி தானாகப் பாதுகாப்புத் திருத்தம் பெறாது. அவர்கள் என்ன செய்தார்கள்? பிழையை வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த வரியைக் கையால் திருத்தும் முறையைச் சொன்னார்கள். திருத்திய வட்டுகளை விரைவில் வெளியிட்டார்கள். நீண்ட காலக் கவனமும் ஒரு வரியில் சறுக்கலாம். சறுக்கிய பின் நடந்துகொள்ளும் முறையே பண்பாட்டின் அளவுகோல்.

சிக்கல் நேர்ந்தபோது அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? நம் நாட்டு உழவரிடமே இதற்கு வழி உண்டு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் நான்கு மைல் நீளம். எங்கோ ஓரிடத்தில் கரை உடைந்திருக்கிறது. மடையிலிருந்து அடி அடியாகத் தேடிச்செல்ல வேண்டியதில்லை. நேரே நடுவிடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே நீர் நிறைந்து ஓடினால் உடைப்பு அதற்குக் கீழே, இல்லையேல் மேலே. மீதியுள்ள பாதியையும் அவ்வாறே பாதியாக்கிப் பார்க்கலாம். லினக்ஸ் கருவில் வழுத் தேடுவோரும் இதையே செய்கிறார்கள். நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, இடையே ஆயிரம் திருத்தங்கள் நிகழ்ந்திருக்கின்றன. நடுத் திருத்தத்தை எடுத்து ஓட்டிப் பார்த்து, பாதியைக் கழித்துக்கொண்டே சென்றால் பத்தே சோதனையில் குற்றவாளி அகப்படும். 2 என்னும் எண்ணைப் பத்து முறை பெருக்கினால் 1024 ஆகிறது என்னும் பள்ளிக் கணக்கே இதற்கு ஆதாரம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குறையை விரும்பியபோது மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவேண்டும். ஆதலின் "என் கணிப்பொறி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லும் முறையீட்டால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்தப் பொறி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நிகழ்ந்தது, மறுமுறை செய்தபோதும் அதுவே நிகழ்ந்ததா என்று எழுத வேண்டும். நல்ல நோயாளியே மருத்துவருக்குப் பாதி மருத்துவர்.

இங்கே ஒரு துயரக் கதையையும், ஒரு நற்கதையையும் அடுத்தடுத்துக் கூற விரும்புகிறேன். நினைவகத்தைத் தவறாகக் கையாளும் மென்பொருளைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் வால்கிரைண்டு. 2006ஆம் ஆண்டில், இரகசியத் திறவுகோல்களை உண்டாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் பொதியைப் பார்த்து அது எச்சரித்தது. டெபியனில் அப்பொதிக்குப் பொறுப்பானவர், மூல ஆசிரியர்களின் குழுவிடம் கேட்டுவிட்டே, எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளை நீக்கினார். எச்சரிக்கை நின்றது. ஆனால் அவ்வாறு நீக்கியதில், திறவுகோலை ஊகிக்க முடியாததாக்கும் எண்களைக் கலக்கும் வரியும் போய்விட்டது. எஞ்சியது, 32,768 மதிப்புகளுக்குள் அடங்கும் ஒரு சிறு எண்ணின் வேறுபாடு மட்டுமே. கடலளவு இருக்க வேண்டிய சாவிக் கூட்டம் ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது. கள்வன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம். இருபது மாதம் எவரும் இதை அறியவில்லை. 2008ஆம் ஆண்டு மே மாதம் லூசியானோ பெல்லோ என்னும் டெபியன் தொண்டர் கண்டறிந்தார். மே 13ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார்கள். எண்ணற்றோர் தம் திறவுகோல்களை எறிந்துவிட்டுப் புதியன செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அந்தத் தொண்டரைக் குறை கூறுவது எளிது. அவர் சோம்பேறி அல்லர். கெட்ட எண்ணம் உடையவரும் அல்லர். எச்சரிக்கை ஏன் எழுகிறது என்று முற்றும் உணர்வதற்கு முன் அதை அடக்கிவிட்டார். அவருடைய திருத்தத்தை வேறு எவரும் ஊன்றிப் பார்க்கவும் இல்லை. மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது; படிக்கும் கண்களும் திறந்திருக்க வேண்டும்.

இனி நற்கதை. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். ஆண்டிரஸ் பிராயிண்டு என்னும் பொறியியலர், தரவுத்தளம் ஒன்றின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தார். அவருடைய கணிப்பொறியில் ஓடியது டெபியனின் நிலையாக் கிளை. தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வாயில் திறப்பதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகப் பிடித்தது. அரை வினாடி! நீங்களும் நானும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். அவர் பொருட்படுத்தினார். சில வாரங்களுக்கு முன் அதே வால்கிரைண்டு கருவி ஏதோ விந்தையான எச்சரிக்கை தந்ததும் அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் இணைத்துத் தேடினார். எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கள்ள வாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. இரண்டாண்டுக்கும் மேலாக நல்ல தொண்டர்போல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் செய்த வேலை அது. புதிய பதிப்பை விரைந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிலர் வற்புறுத்தவும் செய்திருந்தார்கள்.

மார்ச்சு 29ஆம் நாள் அவர் செய்தியை வெளியிட்டார். அன்று டெபியனில் அந்த நஞ்சு எங்கே இருந்தது? நிலையாக் கிளையிலும் சோதனைக் கிளையிலும் இருந்தது. மருத்துவமனையும் வங்கியும் நம்பியிருந்த நிலைத்த கிளையை அது எட்டவில்லை. உபுண்டுவோ, அப்போது வெளிவரவிருந்த தன் முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து, பொதிகளைத் தூய சூழலில் மறுபடியும் தொகுத்தது. ஒருவருடைய கூர்மை மட்டும் உலகைக் காக்கவில்லை. புதியதை உடனே நடுக்கூடத்துக்குள் விடாமல் திண்ணையில் உட்கார வைத்த பழைய ஒழுங்கும் சேர்ந்தே காத்தது. அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த காலத்திலேயே வந்தவனின் வேடம் கலைந்துவிட்டது.

2006இல் ஓர் எச்சரிக்கை அடக்கப்பட்டது. 2024இல் ஓர் எச்சரிக்கை நினைவில் வைக்கப்பட்டது. கருவி ஒன்றே. வேறுபாடு மனிதரிடம்.

1997ஆம் ஆண்டில் டெபியன் தொண்டர்கள் பயனாளர்களுக்கு ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குறைகளை உங்களிடமிருந்து மறைக்க மாட்டோம் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. வழுப் பட்டியல் முழுவதும் இன்றும் எவரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. தன் குறைகளைத் தானே எழுதிச் சுவரில் ஒட்டும் தொழிற்சாலையை எங்கேனும் கண்டிருக்கிறீர்களா? இந்தத் தேரை நம்பி வேறு பல தேர்களும் ஓடுகின்றன. நம் நாட்டின் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆகவே தொலைவில் ஒருவர் போடும் முட்டுக்கட்டை, நம் ஊர்ப் பள்ளிக் கணிப்பொறிக்கும் காவலாகிறது.

மாணவ நண்பர்களே, இந்தப் பணியில் சேர உங்களுக்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு மென்பொருளை இயக்கிப் பார்த்து, தோன்றிய குறையை ஒழுங்காக ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறவரும் வடம் பிடிப்போரில் ஒருவரே. ஆனால் வடத்தை இழுக்கும் ஆர்வம் மட்டும் போதாது. "சற்றுப் பொறுங்கள், சக்கரம் ஒதுங்குகிறது" என்று ஆரவாரத்துக்கு இடையே குரல் கொடுக்கும் துணிவும் வேண்டும். அடுத்த முறை ஊர்த் தேர் புறப்படும்போது, உச்சியில் உள்ள கலசத்தைப் பார்த்த கண்ணால் சக்கரத்தின் அடியையும் ஒரு முறை பாருங்கள். அங்கே குனிந்து நடப்பவருக்கும் ஒரு வணக்கம் செலுத்துங்கள்.